தோளைச் சரிசெய்தது யார்?

போன வருஷம் என் இடது கை முதுகுப் பக்கம் போகவில்லை. பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க வலது கையைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நண்பர் ஒருவர் சொல்லி கைரோபிராக்டரிடம் போனேன். கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு. 'டக்'. நெட்டி முறிக்கிற அதே சத்தம்தான். மூட்டுத் திரவத்துக்குள் வாயுக்குழி உண்டாவதால் வருவது, எலும்பு இடம் மாறுவதால் அல்ல. எட்டு மாசத்தில் கை மேலே போனது. நன்றி யாருக்குச் சொல்ல?

இந்த வைத்தியம் பிறந்ததாகச் சொல்லப்படும் நாள் 1895 செப்டம்பர் 18. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊர். டேனியல் டேவிட் பாமர் (பெயரே அப்படித்தான், சிலேடை இல்லை) மளிகைக்கடை, தேனீ வளர்ப்பு எல்லாம் பார்த்துவிட்டுக் காந்த சிகிச்சைக்கு வந்தவர். அவர் இருந்த கட்டடத்தைப் பெருக்கும் ஹார்வி லில்லார்டுக்குக் காது கேட்காது. முதுகில் ஏதோ பிசகினதிலிருந்துதான் இப்படி என்றாராம். பாமர் துருத்தியிருந்த முள்ளெலும்பை அழுத்தித் தள்ள, காது கேட்டது. இது பாமர் சொன்ன கதை. செவி நரம்பு முதுகுத்தண்டு வழியாகப் போவதே இல்லை. ஆனாலும் நூற்றுக்கு 95 நோய்களுக்கு விலகிய முள்ளெலும்புதான் காரணம் என்று 1910இல் புத்தகமே போட்டுவிட்டார்.

என் தோளின் கதை பாஸ்டனில் இருக்கிறது. 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்ற பெயரை 1934இல் வைத்தவர் அங்கிருந்த அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். இதே இறுக்கத்தை 1872இலேயே பிரெஞ்சுக்காரர் டுப்ளே விவரித்திருந்தார், ஆனால் நின்றது காட்மன் வைத்த பெயர். இதை விளக்குவதும் கஷ்டம், வைத்தியம் பார்ப்பதும் கஷ்டம் என்று ஒப்புக்கொண்டவர் அவர். கூடவே சொன்னார்: சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் சுமார் இரண்டு வருஷத்தில் சரியாகிவிடும். (சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் மிஞ்சுகிறது என்று பின்னால் தெரிந்தது.) அப்படியானால் அந்த இரண்டு வருஷத்தில் கடைசியாகத் தொட்ட கைக்குத்தான் பேர்!

இந்தக் குழப்பத்துக்கு காட்மன் அந்தப் பெயரை வைப்பதற்கு முன்பே ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை. ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டு, குணமானாரா, இல்லையென்றால் ஏன் என்று அதில் எழுத வேண்டும். எங்கள் தொழிலில் சர்வர் படுத்தால் போஸ்ட்மார்ட்டம் எழுதுவோமே, அது மாதிரி. பெரிய ஆஸ்பத்திரி ஒத்துவரவில்லை. 1911இல் சொந்தமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். 1916 வரை வீடு திரும்பிய 337 பேரில் 123 தவறுகள் என்று தானே அச்சிட்டார்.

1915இல் ஒரு மருத்துவக் கூட்டத்தில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திரை விலக்கினார். மணலில் தலை புதைத்த நெருப்புக்கோழி, டாக்டர்கள் பக்கம் பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளுகிறது. ஊரே கொதித்தது. ஹார்வர்டில் கற்பிக்கும் வேலை போயிற்று.

என் கைரோபிராக்டர் இதுவரை கூப்பிட்டுக் கேட்கவில்லை. அவருக்கு முன் பார்த்த எலும்பு டாக்டரும்தான்.

காட்மன் 1940இல் இறந்தார். அவர் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல் வைக்க 2014 ஆயிற்று.