எந்த நடை பயணமாகிறது?
சாணார்பட்டியை முன்வைத்துத் தேசியப் பயண ஆய்வுகள் குறித்து

தைப்பூசத்தை ஒட்டிச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போவோர் நத்தம் சாலையில் திண்டுக்கல் மாவட்டச் சாணார்பட்டியைக் கடக்கிறார்கள். தேசிய மாதிரி ஆய்வு 2008–09இலும் 2014–15இலும் நடத்திய உள்நாட்டுச் சுற்றுலா ஆய்வுகளின் வரையறைப்படி அவர்கள் போவது பயணம். அதன் நோக்கம் சமயம். அதே சாலையோரம் களையெடுக்க நடக்கும் உள்ளூர்ப் பெண் போவது பயணமன்று. அவள் தன் ‘வழக்கமான சூழலை’த் தாண்டவில்லை. சுற்றுலாவை அளக்க இந்த வரையறை பொருத்தமானதே. அன்றாடப் போக்குவரத்தை அளக்க இது உதவாது. ஒரு தேசிய ஆய்வின் தரத்தை அதன் மாதிரியின் அளவைவிட, எதைப் பயணம் என்று அது எண்ணுகிறது என்பதே முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அன்றாடப் போக்குவரத்தைத் தொட்ட வேறு இரு கணக்குகளிலும் இதே இடைவெளி உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்குச் செல்லும் தூரத்தையும் ஊர்தியையும் அட்டவணையிட்டது. ஆனால் அது ‘பிற தொழிலாளர்’ பற்றிய அட்டவணை. பயிரிடுவோரும் விவசாயக் கூலிகளும் அதில் இல்லை. வேளாண்மையை நம்பிய சாணார்பட்டி ஒன்றியத்தில், வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதியை அது விட்டுவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரையும் சேர்த்தது. முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதலான 24 மணி நேரத்தை அரைமணிக் கூறுகளாகப் பிரித்துக் கேட்டது. ஒரு கூறில் பல வேலைகள் இருந்தால், 10 நிமிடமாவது நீடித்தவற்றில் மூன்றுவரை மட்டுமே ஏற்றது. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடைக்குப் போய், அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் ஒருத்தியின் காலையில் இத்தகைய சிறு நடைகளே அதிகம், நழுவிப்போவதும் அவையே.

டிக்கெட் கணக்கே போதும் என்று சிலர் கருதலாம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை; அவர்களுக்குத் தரும் டிக்கெட்டுகளிலிருந்து எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரிந்துவிடும். நிறுத்தத்துக்கு எவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள், எதற்காக வந்தார்கள், பஸ் இல்லாததால் யார் ஷேர் ஆட்டோவில் போனார்கள் என்பதை அந்த டிக்கெட் சொல்லாது. மில் வேனில் வேலைக்குப் போகும் பெண் அக்கணக்கில் வரவே மாட்டாள். ஒவ்வொரு நடையையும் கேட்டால் பதில் சொல்பவர் சலித்துப்போவார், செலவும் கூடும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. இங்கிலாந்தின் தேசியப் பயண ஆய்வு இதற்கு வழி கண்டிருக்கிறது: குறிப்பேட்டை ஏழு நாள் எழுதச் சொன்னாலும், ஒரு மைலுக்குக் குறைந்த நடைகளை ஒரு நாளுக்கு மட்டுமே கேட்கிறது. சுமை குறைகிறது, நடையும் கணக்கில் நிற்கிறது.

இந்தியாவின் முதல் தேசிய வீட்டுப் பயண ஆய்வு 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான காலத்துக்குத் திட்டமிடப்பட்டது. அதன் முடிவுகளை மூன்று கேள்விகளால் சோதிக்க வேண்டும்: விவசாயக் கூலிகள் தனியே தெரிகிறார்களா? நடையும் பஸ்ஸும் ஆட்டோவும் சேர்ந்த ஒரு பயணம், அதன் ‘முதன்மை ஊர்தி’ ஒன்றுக்குள் கரைந்துவிடாமல் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டப்படுகிறதா? பெண்களின் பயணத்தை அவர்களே சொன்னார்களா, வீட்டிலிருந்த வேறொருவர் சொன்னாரா? இம்மூன்றுக்கும் விடை தராத எண்களைக் கொண்டு கிராமப்புற மினி பஸ் தடங்களைத் தீர்மானிப்பது பிழையாகும்.