கைப்பிடியின் வலிமையும் அதனை அளந்த கருவிகளும்

உடல் வலிமையின் வரலாற்றை எழுதப் புகுவோர் தோள்வலி பற்றியும் மார்பின் விரிவு பற்றியுமே பெரிதும் பேசுவர். கைப்பிடி அவர்தம் நூல்களில் அடிக்குறிப்பளவிலேயே இடம்பெறும். ஆயின், ஐரோப்பிய விஞ்ஞானம் மனித வலிமையை எண்ணால் அளக்க முற்பட்டபோது பெரிதும் நாடியது கையையே. அளந்து பெற்ற எண்ணைக் கொண்டு மக்களைத் தரம் பிரிக்கவும் அது தயங்கவில்லை. கையை அளக்கவும் பலப்படுத்தவும் எழுந்த கருவிகள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம். அவை காட்டியது கையின் வலிமையையா, அன்றிக் கைக்கும் கருவிக்கும் இருந்த பொருத்தத்தையா என்பதே எமது வினாவாகும்.

பிரெஞ்சுக் கருவியியலாளரான எட்மே ரென்யே தாம் அமைத்த விசைமானியை 1798 இல் வெளியுலகுக்கு அறிமுகஞ் செய்தார். இயற்கை வரலாற்றறிஞர் புஃபோனும் அவரது நண்பரும் விடுத்த வேண்டுகோளே அதற்கு வித்திட்டது. நீள்வட்டமாக வளைத்த உருக்கு வில் ஒன்றே அதன் உடல். அதன் இரு பக்கங்களையும் இரு கைகளாலும் நெரித்தால் முள் நகர்ந்து கிலோகிராம் கணக்கில் விசையைக் காட்டும். இதே கருவியைக் கொண்டு இடுப்பின் இழுவிசையையும் அளக்கலாம். எளிமையும் உறுதியும் வாய்ந்த கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நீள்வட்டத்தின் அகலம் எல்லோருக்கும் ஒன்றே. பெருங்கையனும் சிறுகையனும் அதே அகலத்தையே பற்ற வேண்டும்.

1800 இல் போடின் தலைமையில் அவுஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல்களில் இக்கருவியும் ஏறியது. அதனைக் கையாண்டவர் இளம் இயற்கையாராய்ச்சியாளரான பிரான்சுவா பெரோன். நாகரிகம் மனிதனை நலிவுறச் செய்தது என்ற ரூசோவின் கருத்து அந்நாளில் பரவலாகப் பேசப்பட்டது. அதனை எண்களால் மறுத்துவிடலாம் எனப் பெரோன் நம்பினார். இன்று தஸ்மேனியா எனப்படும் வான் டீமன் நிலத்தவர், அவுஸ்திரேலியப் பெருநிலத்தவர், தீமோர்த் தீவினர், கப்பலிலிருந்த பிரெஞ்சுக்காரர், சிட்னித் துறையிலிருந்த ஆங்கிலேயர் என ஐவகையினரை அவர் அளந்தார். 1807 இல் வெளிவந்த அவரது பயண நூலின்படி, தஸ்மேனியர் கைகளின் சராசரி விசை சுமார் 51 கிலோகிராம், தீமோர்த் தீவினருக்கு 59, பிரெஞ்சுக்காரருக்கு 69, ஆங்கிலேயருக்கு 71. நாகரிகம் உயர உயர வலிமையும் உயர்கிறது என்பது அவரது முடிபு.

இம்முடிபை நாம் ஏற்பதற்கில்லை. அளக்கப்பட்டோர் தொகை மிகச் சிறிது. நெடுங்கடல் கடந்து வந்த அந்நியன் ஒருவன், முன்பின் கண்டிராத இரும்பொன்றை நீட்டி முழு வலுவுடன் நெரிக்குமாறு சைகையாற் கேட்கும்போது, எதிரே நிற்பவன் தன் முழு வலுவையும் காட்டுவான் என்று எண்ணுவதற்கு என்ன நியாயம் உண்டு? இதனினும் வியப்பானது வேறொன்று. இளமைப் பருவத்துப் பிரெஞ்சு ஆடவருக்கு ரென்யே தாமே கண்ட அளவு 50 கிலோகிராம் மட்டுமே. அதாவது, பெரோனின் “வலிகுன்றிய” தஸ்மேனியர் ரென்யேயின் பிரெஞ்சுக்காரருக்குச் சற்றும் இளைத்தவரல்லர். பின்னர் 1835 இல் பெல்ஜிய நாட்டுப் புள்ளிவிபரவியலாளர் கெற்றலே தாம் அளந்தபோது 90 கிலோகிராமை அண்மித்த அளவைப் பெற்றார். மூவர் கையில் ஒரே கருவி மூன்று விதமாகப் பேசியிருக்கிறது. எனினும் அந்த அட்டவணை நெடுங்காலம் எடுத்தாளப்பட்டது. பெரோன் அளந்து சென்ற மறுவருடமே, 1803 இல், ஆங்கிலேயர் தஸ்மேனியாவிற் குடியேறினர். மூன்று தசாப்தங்களுக்குள் அத்தீவின் மக்கள் அழிவின் விளிம்பை எய்தினர்.

எமது விடுதியில் சுருள்வில் பொருத்திய பிடிகருவி ஒன்று கைமாறிக்கொண்டிருக்கும். துடுப்பாட்டக்காரர் அதனை எளிதாக மூடிவிடுவர். கரைவலை இழுக்கும் குடும்பத்திலிருந்து வந்த நண்பர் ஒருவரோ அதனைப் பாதியளவே நெரிப்பார். ஆயின் நனைந்த கயிற்றை இழுக்கும் போட்டியில் அவர் பிடியை விடுவிக்க எம்மில் எவராலும் முடிவதில்லை. பெரோனை வாசித்த வேளை எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவரே.

இனிக் கையைப் பலப்படுத்த முனைந்தோரை நோக்குவோம். இந்தியத் துணைக்கண்டத்தின் மற்பயிற்சிக் கூடங்களிற் சுழற்றப்பட்ட கர்லாக்கட்டை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ஒடுங்கிய பிடியும் பருத்த தலையும் உடையதாதலின் அதன் பாரம் கையை விட்டு விலகி நிற்கும். சுழற்றுந்தோறும் மணிக்கட்டும் விரல்களும் அதனைத் தடுத்தாள வேண்டும். ஆங்கிலப் படையினர் இதனைக் கற்றுத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். டொனால்ட் வாக்கர் 1834 இல் வெளியிட்ட உடற்பயிற்சி நூலில் இது இடம்பெற்றது. 1904 இலும் 1932 இலும் ஒலிம்பிக் போட்டிகளிலும் இதற்கு இடமளிக்கப்பட்டது.

பிரஷ்யாவிற் பிறந்து இலண்டனிற் புகழ்பெற்ற யூஜின் சண்டோ (1867–1925) வேறொரு வழியை நாடினார். அவரது கைக்குண்டு நெடுக்காக இரு பாதியாகப் பிளந்தது. பாதிகளுக்கிடையே சுருள்விற்கள் உண்டு. பயிற்சி முடியும்வரை இரு பாதிகளையும் நெரித்தவாறே இருத்தல் வேண்டும். வலு ஏற ஏற விற்களின் தொகையைக் கூட்டலாம். கருவியை ஆளுக்கேற்ப மாற்றும் எண்ணம் இங்கு அரும்பியுள்ளது எனலாம்.

அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த ஆங்கிலேயரான தோமஸ் இஞ்ச் இதற்கு நேர்மாறானதைச் செய்து பெயர்பெற்றார். அவரது கைக்குண்டின் நிறை ஏறத்தாழ 172 இறாத்தல். இதனினும் பாரமானவற்றைத் தலைக்குமேல் உயர்த்திய வல்லாளர் பலர் இதனை ஒரு கையால் நிலத்தினின்று கிளப்பமாட்டாது திரும்பினர். காரணம் பாரமன்று, பிடியின் தடிப்பு. ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் விட்டமுடைய அப்பிடியைச் சுற்றிப் பெருவிரல் ஏனைய விரல்களை எட்டுவது அரிது. மேலும், குண்டு முழுவதும் ஒரே வார்ப்பாதலின், தூக்கும்போது உருண்டு விரல்களைத் திறந்துவிடும்.

இதற்கான விளக்கம் உடலமைப்பிலேயே உள்ளது. விரல்களை மடக்கும் பெருந்தசைகள் முன்கையில் உள்ளன. நாண்கள் வழியே அவை விரல்களை இழுக்கின்றன. தசை மிகையாக நீண்டாலும் மிகையாகச் சுருங்கினாலும் அதன் இழுவை குன்றும். 1954 இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்ள்ஸ் பெக்ரோல் இதனைக் கருத்திற் கொண்டு, பிடியின் அகலத்தை ஐந்து நிலைகளில் மாற்றக்கூடிய கருவியைப் பற்றி எழுதினார். ஒரே கை ஐந்து நிலைகளிலும் வெவ்வேறு விசையைக் காட்டியது. நடு நிலைகளில் கூடி, இரு ஓரங்களிலும் குறைந்தது. ரென்யேக்கு ஒன்றரை நூற்றாண்டின் பின்னரே கைக்கேற்பக் கருவி வளைந்துகொடுத்தது.

இவ்வகைக் கருவியைக் கொண்டு 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை அளந்த ஆய்வொன்று 2015 இல் வெளிவந்தது. பிடிவிசை 5 கிலோகிராம் குறையுந்தோறும் மரண வாய்ப்பு 16 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. அதே குழுவினர் 2016 இல் வெளியிட்ட அட்டவணையில் தென்னாசியர் தாழ்ந்த இடங்களுள் ஒன்றிலும் ஐரோப்பியர் உயர்ந்த இடத்திலும் உள்ளனர். தோற்றத்தில் அது பெரோனின் அட்டவணையே. ஆயின் இதனை ஆக்கியோர் அதிலிருந்து நாகரிகத்தின் படிநிலை எதனையும் வருவிக்கவில்லை. ஒரு பிரதேசத்தவரை மற்றொரு பிரதேசத்தவரின் அளவுகோலால் மதிப்பிடல் தகாது, ஒவ்வொரு பிரதேசத்திற்கும் தனி அளவு வேண்டும் என்பதே அவர்கள் கண்ட முடிபு.