அரைஞாண் கயிறும் இன்ச் டேப்பும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவள். இப்போது அவள் மகனே ஏழாம் வகுப்பு.

"டீச்சர், பையனுக்குக் காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போனோம். எடை பார்த்தார், உயரம் பார்த்தார், நார்மல்னார். அப்புறம் டெய்லர் மாதிரி டேப்பை எடுத்து இடுப்பை அளந்துட்டு, இதைக் கொஞ்சம் கவனிக்கணும்ங்கிறார். எடை சரியா இருக்கும்போது இடுப்புல என்ன தப்பு இருக்க முடியும்? நீங்கதானே கணக்கு டீச்சர், சொல்லுங்க" என்றாள்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த அளவுகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்பதை ஓய்வு பெற்ற பிறகு ஆர்வமாகத் தேடிப் படித்திருக்கிறேன். அவளுக்கு மட்டும் சொல்வதைவிட உங்கள் எல்லோருக்கும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு தவறும் கடைசியில் இருக்கிறது.

கதையைத் தொடங்கி வைத்தவர் ஒரு வானியல் அறிஞர். பெல்ஜியம் நாட்டு அடால்ஃப் கெட்லே. வானியலில் ஒரே அளவைப் பலமுறை எடுத்துச் சராசரி காண்பார்கள். அந்த முறையை அவர் மனிதர்களின் உடலுக்குப் பயன்படுத்தினார். 1835-ல் அவர் வெளியிட்ட நூலில் 'சராசரி மனிதன்' என்ற கருத்து வருகிறது. வளர்ந்த மனிதர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடுகிறது என்று அவர் கண்டார். குண்டானவர்களைக் கண்டுபிடிப்பது அவர் நோக்கமே இல்லை.

கணக்கு டீச்சரான எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு இந்த வர்க்கக் கணக்கு பொருந்தாது என்று கெட்லே அப்போதே எழுதிவிட்டார். வளரும் பருவத்தில் எடையின் வர்க்கம், உயரத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டிப் போகிறது என்பது அவர் கண்டது. அதாவது பிள்ளைகளுக்கு அடுக்கு இரண்டு அல்ல, இரண்டரை.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1972-ல், அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவர் குழுவினரும் அந்தப் பழைய கணக்கைத் தூசி தட்டி எடுத்தார்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். நாம் இன்று பி.எம்.ஐ. என்கிறோமே, அதுதான். ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை வைத்து அதைச் சோதித்தார்கள். அத்தனை பேரும் வளர்ந்த ஆண்கள். ஒரு பெண் இல்லை, ஒரு குழந்தை இல்லை.

பிறகு அதே எண் பிள்ளைகளுக்கும் வந்தது. வயதுக்கு வயது மாறும் என்பதால் அட்டவணைகள் போட்டார்கள். 2000-ல் டிம் கோல் குழுவினர் ஆறு நாட்டுப் பிள்ளைகளின் அளவுகளைச் சேர்த்துச் சர்வதேச வரம்பு வகுத்தார்கள். அந்த ஆறில் இந்தியா இல்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. பயனுள்ள கருவிதான். ஆனால் எடை மெஷினுக்குத் தசை எது, எலும்பு எது, கொழுப்பு எது என்று தெரியாது. அந்தக் கொழுப்பு உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியாது.

எங்கே என்ற கேள்வியை அழுத்தமாகக் கேட்டவர் பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர் ஜான் வாக். 1947-ல் அவர் ஒன்றைக் கவனித்து எழுதினார். ஒருவர் எவ்வளவு பருமன் என்பதோடு, கொழுப்பு மேல் உடம்பில் சேர்கிறதா, இடுப்புக்குக் கீழே தொடையில் சேர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் போன்ற தொல்லைகள் முதல் வகையினரிடம்தான் அதிகம் என்றார். அன்று அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 1913-ல் பிறந்த 792 ஆண்களின் இடுப்பையும் பிட்டத்தையும் அவர்களது 54-வது வயதில் டேப்பால் அளந்து, 13 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 1984-ல் முடிவு வந்தது. பிட்டத்தோடு ஒப்பிடும்போது இடுப்பு பெருத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம். வாக் சொன்னது சரிதான்.

காரணம் என்னவென்றால், வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் நேராக ஈரலுக்குப் போகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. தொடையில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை.

இதெல்லாம் பெரியவர்களின் கதை. பிள்ளைகளுக்கும் அப்படித்தானா? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்று ஒரு சிறிய ஊர். ஜெரால்ட் பெரன்சன் என்ற மருத்துவர் 1973-ல் அந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்து இதய நோய் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். அது பல பத்தாண்டுகள் நடந்தது. அந்தப் பிள்ளைகளின் அளவுகளை வைத்து 1999-ல் வந்த கட்டுரை, இடுப்பு பெருத்த பிள்ளைகளுக்கு ரத்தக் கொழுப்பும் இன்சுலினும் அந்த வயதிலேயே மோசமாக இருப்பதைக் காட்டியது. ஐம்பது வயதில் வரும் நோய்க்கு ஐந்தாம் வகுப்பிலேயே விதை விழுகிறது.

இனி டெய்லர் கதைக்கு வருகிறேன். நம் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் சீருடைக்கு அளவெடுக்க டெய்லர் வந்து வராந்தாவில் உட்காருவாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் அளந்து சொல்லச் சொல்ல, உதவிக்கு வந்த பையன் நோட்டில் எழுதுவான். வேலை முடிந்ததும் அந்த நோட்டு எங்கே போனதோ, யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் அப்படிப்பட்ட நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். துணிகளுக்கு அளவு நிர்ணயிக்க அந்த நாட்டின் தர நிர்ணய நிறுவனம் 1977-ல் பையன்களையும், 1987-ல் பெண் பிள்ளைகளையும் அளந்து வைத்திருந்தது. டேவிட் மெக்கார்த்தி என்ற ஆய்வாளர் அதைத் தேடி எடுத்து, 1997-ல் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டு 2003-ல் வெளியிட்டார். 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளில், பையன்களின் சராசரி இடுப்பு 6.9 சென்டிமீட்டரும், பெண்களின் இடுப்பு 6.2 சென்டிமீட்டரும் கூடியிருந்தது. பையன்களுக்கு இருபது ஆண்டு, பெண்களுக்குப் பத்தே ஆண்டு! பி.எம்.ஐ.யும் கூடியிருந்தது, ஆனால் அந்த வேகத்தில் இல்லை. எடையை மட்டும் பார்த்திருந்தால் நிலைமையின் தீவிரம் பாதிதான் தெரிந்திருக்கும்.

நம் நாட்டுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற மருத்துவர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார். அங்கே குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் 3.5 கிலோ. நம் குழந்தை சிறியதுதான், தசையும் குறைவு. ஆனால் உடம்புக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 2004-ல் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த அவர் நண்பர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம்! கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்று நம் குடும்ப ஆல்பங்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். என் மாணவியின் கேள்விக்குப் பதில் அந்த ஒரு படத்தில் இருக்கிறது.

சரி, பிள்ளைக்கு எத்தனை சென்டிமீட்டர் இருக்கலாம்? பெரியவர்களுக்கு ஒரே எண் சொல்லிவிடலாம். இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80. வளரும் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆறு வயது இடுப்பும் பதினாறு வயது இடுப்பும் ஒன்றா? அதனால் ஒரே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை இடுப்பளவுப்படி வரிசையாக நிறுத்தியதுபோல் அட்டவணை போடுகிறார்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2007-ல், அந்த வரிசையில் 90-வது இடத்துக்கு மேல் வருபவர்களைக் கவனிக்கச் சொன்னது. புனேயின் அனுராதா கடில்கர் குழுவினர் 2 முதல் 18 வயது வரையிலான இந்தியப் பிள்ளைகளுக்கு 2014-ல் தனி அட்டவணை தந்தார்கள். நம் பிள்ளைகளை 70-வது இடத்திலிருந்தே கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

அட்டவணை இல்லாத வீட்டுக்கு எளிய வழி ஒன்று உண்டு. மார்கரெட் ஆஷ்வெல் என்ற இங்கிலாந்துப் பெண் ஆய்வாளர் 1990-களிலிருந்து வலியுறுத்தி வருவது இது. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2006-ல் அவரும் மெக்கார்த்தியும் சேர்ந்து, பிள்ளைகளுக்கும் இது ஏற்றது என்று எழுதினார்கள். உயரமும் இடுப்பும் சேர்ந்தே வளர்வதால் வயதுக்கு ஒரு எண் தேவையில்லை. 140 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு இடுப்பு 70-க்குள். 2022-ல் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு, 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்று வழிகாட்டியது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம்தான் வந்தது. பேரன் பேத்திகளைக் குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். "இறுக்குது, மாத்தணும்" என்பார், சில சமயம் "தொளதொளன்னு இருக்கே, பிள்ளை ஒழுங்கா சாப்பிடலையா?" என்று அம்மாவைக் கேட்பார். தமிழில் 'அரை' என்றால் பாதி. 'அரை' என்றால் இடுப்பும்தான். உயரத்தில் அரைக்குள் அரை இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

1990-களில் ரேங்க் கார்டில் உயரம், எடை எழுதும் வேலை வகுப்பாசிரியருடையது. எடை மெஷினை வகுப்பின் முன்னால் வைத்து, ஒவ்வொருவராக ஏறச் சொல்லி, நான் சத்தமாகப் படிப்பேன்; லீடர் எழுதுவான். ஒரு நாள் ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணின் எடையைப் படித்தேன். வகுப்பே சிரித்தது. "அமைதி" என்று சொன்னேனே தவிர, அடுத்த எண்ணையும் அதே சத்தத்தில்தான் படித்தேன். அந்த எண்ணே அவளுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. சில நாள் கழித்து மதியம் வகுப்புப் பக்கம் போனபோது, டிபன் பாக்ஸைத் திறக்காமல் அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடமும் அப்படித்தான் எடை பார்த்தேன். அந்த எண் ரேங்க் கார்டில் ஏறியதைத் தவிர யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. அவள் இதைப் படிக்கிறாளா என்று தெரியாது. படித்தால், டீச்சரை மன்னித்துவிடம்மா.

அதனால் டேப்பை எடுப்பதற்கு முன் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் அளக்காதீர்கள். அண்ணன் தம்பியோடு ஒப்பிடாதீர்கள். டேப்கூட வேண்டாம், ஒரு நூல்கண்டு போதும். பிள்ளையின் உயரத்துக்கு நூலை அளந்து வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்ற வேண்டும். பிள்ளை வயிற்றை எக்காமல், மூச்சைச் சாதாரணமாக விட்டு நிற்கட்டும். இரண்டு முனையும் தொட்டு, கொஞ்சம் நூல் மிஞ்சினால் நல்லது. எட்டவில்லை என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். பேன்ட் சைஸை நம்ப வேண்டாம். பையன்கள் வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போடுகிறார்கள். இதில் வாய்விட்டுச் சொல்ல ஒரு எண்ணே இல்லை என்பதால்தான் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

நூல் எட்டவில்லை என்பதற்காக வளரும் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. பாக்கெட் தின்பண்டத்தையும் இனிப்புப் பானத்தையும் வீட்டில் எல்லோருக்குமே குறையுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள். டியூஷனை அரை மணி தள்ளி வைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. இதைச் சொல்வது முப்பது வருடம் கணக்கு நடத்தியவள்.

என் மாணவி நேற்று மறுபடி போன் செய்தாள். மகனோடு தானும் நூல் சுற்றிப் பார்த்தாளாம். "அவனுக்கு ஒரு விரல் குறையுது டீச்சர், எனக்கு ஒரு சாண் குறையுது" என்று சிரித்தாள். இருவரும் சாயங்காலம் நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்