40 கிலோபைட்டில் மரியோ



சோழர், நாயக்கர் என்று எழுதிக்கொண்டிருந்த வாத்தியார் திடீரென்று வீடியோ கேம் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் சிரிக்கலாம். 1990-களில் என்னிடம் படித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். டிவியோடு இணைக்கும் அந்தப் பெட்டி, அதில் சொருகும் கேசட், படம் வராவிட்டால் கேசட்டின் வாயில் ஊதித் திரும்பச் சொருகுவது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பேரன் தயவில் இந்த மாதம் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆடிப் பார்த்தேன். அதை உருவாக்கியவர்கள் கொடுத்த பேட்டிகளையும் தேடிப் படித்தேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய பொருள், அதுவும் வரலாறுதான்.

நிண்டெண்டோ 1889-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கிய நிறுவனம். பொம்மைகள், மின்னணு விளையாட்டுகள் என்று மாறி மாறி வந்து, 1983 ஜூலையில் 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை 14,800 யென் விலையில் விற்றது. வடிவமைத்த பொறியாளர் மசாயுகி உவெமுரா. வீட்டுக்கு வீடு வாங்க வேண்டும் என்பதால் உள்ளே எல்லாமே சிக்கனம். கணக்குப் போட்டுப் பார்க்க அதற்கு இருந்த நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1985 செப்டம்பர் 13 அன்று வெளியான மரியோ கேசட்டில் மொத்தமே 40 கிலோபைட்தான்: நிரலுக்கு 32, படங்களுக்கு 8. நீங்கள் தினமும் எனக்கு அனுப்பும் பூப்போட்ட காலை வணக்கப் படம் ஒன்றே இதைத் தாண்டிவிடும்!

இந்த 40-க்குள் 32 ஸ்டேஜ்கள், கடல், கோட்டை, பாட்டு எல்லாம் எப்படி அடங்கின? அடுத்த முறை ஆடும்போது வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். முதலில் எதிரே வருமே, காளான் மாதிரி ஒரு குட்டி எதிரி, அதன் பெயர் கூம்பா. அது ஏறக்குறைய கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டது. முதல் எதிரியாக ஆமையை வைத்தால் புதிதாக ஆடுகிறவர்களுக்குக் கடினமாக இருந்ததாம். மிதிக்க வேண்டும், பிறகு ஓட்டை உதைக்க வேண்டும், எடுத்த எடுப்பில் இரண்டு வேலை. மிதித்தால் போதும் என்கிற எளிய எதிரி தேவைப்பட்டது, ஆனால் இடம் மிச்சமில்லை. ஒரே ஒரு படத்தை வரைந்து, அதையே இடம் வலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டி நடக்க வைத்துவிட்டார்கள்.

இசையிலும் இதே கதை. ஒரே சமயத்தில் ஐந்து ஒலிக்குத்தான் அந்தப் பெட்டியில் இடம். மரியோ குதிக்கும் சத்தத்துக்குத் தனி இடம் கிடையாது. குதிக்கும்போதெல்லாம் பாட்டின் ஒரு குரல் சற்று ஒதுங்கி வழிவிடுகிறது. எத்தனை ஆயிரம் முறை குதித்திருப்பீர்கள், யாருக்காவது காதில் பட்டதா?

என்னை உட்கார வைத்தது முதல் ஸ்டேஜ்தான். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. மரியோ இடது ஓரத்தில் வலப்பக்கம் பார்த்து நிற்கிறான். வலது பக்கம் வெறும் வெளி. எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவே வேண்டாம். கூம்பா வருகிறது. இடித்தால் ஓர் உயிர் போகும், ஆனால் வீணாவது சில நொடிதான். அடுத்து, கேள்விக்குறி போட்ட பெட்டியை முட்டினால் காளான் வெளியே வருகிறது. கூம்பாவிடம் அடிபட்ட பிள்ளை இதைக் கண்டும் பயந்து ஓடத்தானே பார்ப்பான்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். காளான் வலப்பக்கம் போய்க் குழாயில் மோதி, திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. தாண்டிக் குதிக்கலாம் என்றால் தலைக்கு மேலே கல் தட்டுகிறது. பெரும்பாலும் காளான் மேலே பட்டுவிடும், மரியோ பெரியவனாகிவிடுவான். இது நல்லது என்று பாடம் முடிந்தது.

அதே ஸ்டேஜின் கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் படிக்கட்டு, நடுவில் இடைவெளி. விழுந்தாலும் கீழே தரை இருக்கிறது, ஏறி வரலாம். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே மாதிரி படிக்கட்டு, நடுவில் இந்த முறை பள்ளம். விழுந்தால் உயிர் போகும். முதலில் பயிற்சி, பிறகு தேர்வு. பி.எட். வகுப்பில் பாடத்திட்டம் எழுதச் சொல்லி எங்களைப் பாடாய்ப் படுத்தினார்கள், இவ்வளவு கச்சிதமான ஒன்றை நான் அங்கே பார்த்ததில்லை. முதல் ஸ்டேஜ்களைக் கடைசியில்தான் செய்வது வழக்கம் என்று மியாமோட்டோ ஒரு பேட்டியில் சொல்கிறார். எல்லா ஸ்டேஜ்களையும் அறிந்த பிறகுதான் முதல் பாடம் எழுத முடிந்திருக்கிறது.

யார் இந்த மியாமோட்டோ? நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தக் கேள்விதான். உங்களில் பலர் விடுமுறை முழுவதையும் இந்த ஆட்டத்தில் கழித்தவர்கள். செய்தவர் பெயர் ஒன்றாவது தெரியுமா? உங்கள் தவறில்லை. முழு ஆட்டத்தையும் முடித்து இளவரசியை மீட்டாலும் திரையில் செய்தவர் பெயர் ஒன்றும் வராது. நம் ஊருக்கு வந்தவையோ பெரும்பாலும் நகல் பெட்டிகள், நகல் கேசட்டுகள். '9999 ஆட்டங்கள்' என்று அட்டையில் போட்டு, உள்ளே பத்துப் பன்னிரண்டையே சுற்றிச் சுற்றி வைத்திருப்பார்கள். அதில் நிண்டெண்டோ பெயரே இருக்காது, மனிதர் பெயருக்கு எங்கே போவது?

ஆகவே பெயர்களை இங்கே எழுதி வைக்கிறேன். இயக்கியவர் ஷிகெரு மியாமோட்டோ. 1981-ல் 'டாங்கி காங்' ஆட்டத்தில் மரியோவை முதலில் படைத்தவரும் அவரே. சில புள்ளிகளில் வாய் வரைய முடியாததால் மீசை, தலைமுடி வரைவது சிரமம் என்பதால் தொப்பி. அவரோடு சேர்ந்து கட்டம் போட்ட தாளில் ஸ்டேஜ்களை வரைந்தவர் தகாஷி தெசுகா. இசை கோஜி கோண்டோ. இந்த இருவரும் 1984-ல்தான் வேலைக்குச் சேர்ந்தவர்கள், நேற்று வந்த பிள்ளைகள்! நிரல் எழுதியவர்களில் முக்கியமானவர் தொஷிஹிகோ நகாகோ.

அடுத்த வருடம் வட்டு வரப்போகிறது, கேசட் காலம் முடிகிறது, அதற்கு நிறைவாக இருக்கட்டும் என்றுதான் இதைச் செய்தார்களாம். வட்டும் 1986 பிப்ரவரியில் வந்தது. ஆனால் நிலைத்தது கேசட்தான். மரியோ உலகம் முழுவதும் 4 கோடிக்கு மேல் விற்றது. நம் வீட்டு நகல்கள் அந்தக் கணக்கில் இல்லை.

உவெமுரா பிற்காலத்தில் கியோட்டோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, விளையாட்டுகளை ஆய்வுப் பொருளாகவே பாதுகாத்தார். 2021 டிசம்பரில் காலமானார். உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பழைய பெட்டியோ கேசட்டோ கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மேலே என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்று பார்க்க ஆசை.