ஒப்பாய்வா, தனிமொழி ஆய்வா? கைலாசபதியின் வாதமும் புலிமான்கோம்பை நடுகல்லும்

தமிழில் முனைவர் பட்ட ஆய்வு ஒப்பிலக்கியம், தனிமொழி ஆய்வு என இரண்டாகப் பிரிந்ததைப் பேசுவோர் க. கைலாசபதியின் ‘ஒப்பியல் இலக்கியம்’ (1969) நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். பிரிவு அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. சங்க இலக்கியத்தில் இயற்கை என்ற பொருளை ஆராய்ந்து மு. வரதராசன் 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதே காலத்தில், கிட்டத்தட்ட அதே பொருளைத் தனிநாயகம் அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.லிட். பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். முன்னவர் பாட்டுக்குள்ளேயே நின்று சான்று தேடினார். பின்னவர் கிரேக்கம், இலத்தீன், வடமொழிக் கவிதைகளை அருகில் வைத்துப் பார்த்தார். பொருள் ஒன்றே, வழிகள் இரண்டு.

கைலாசபதி செய்தது வேறு. ஒப்பீட்டை விளக்கத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளாமல், அதையே சான்றின் இடத்தில் அமர்த்தினார். என் மறுப்பு இந்த இடத்தில்தான்.

பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் அவர் செய்த ஆய்வு 1968இல் ‘தமிழ் ஹீரோயிக் பொயட்ரி’ என்ற ஆங்கில நூலாக வெளிவந்தது. சங்கப் பாடல்கள் வீரயுகத்துக்கு உரியவை, பாணர் மரபில் வாய்மொழியாகக் கட்டப்பட்டவை, அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களே அதற்கு அடையாளம் என்பது அந்நூலின் வாதம். மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் ஹோமரின் காவியங்களையும் யூகோஸ்லாவியப் பாடகர்களையும் ஆராய்ந்து வகுத்த கோட்பாட்டை அவர் புறப்பாடல்களுக்குப் பொருத்தினார். தமிழாய்வு தேங்கி நின்ற நேரத்தில் அது தந்த உசுப்பல் பெரியது. அதை மறுப்பவன் அல்லேன். பொருத்திய விதத்தில்தான் இடர்ப்பாடு இருக்கிறது.

முதலாவது அளவு. இலியட் 15,000 அடிகளைத் தாண்டும். கேட்போர் முன்னிலையில் இடைவிடாது கதை கட்டிப் பாடும் பாடகனுக்கு ஆயத்தத் தொடர்கள் இல்லாமல் முடியாது. குறுந்தொகையின் எல்லை நான்கு முதல் எட்டு அடி; அகநானூற்றின் உச்சம் 31 அடி. எட்டு அடியில் முடியும் பாட்டுக்கு அந்தக் கட்டாயம் எங்கிருந்து வரும்? தொடர்கள் மீள வருவதற்குத் திணையும் துறையுமே போதிய காரணம். ஒரே துறையைப் பாடும் இருவர் ஒரே தொடரை எடுத்தாள்வது எழுத்தறிந்த புலவர் மரபிலும் இயல்பு. பாணரைப் போன்று பாடிய புலவர்களின் ஆக்கங்கள் இவை என்று ஜார்ஜ் ஹார்ட் 1975இல் சொன்னது இதனோடு ஒட்டிவருகிறது.

இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட மீள்வரவு. அகநானூறு 67, 131 ஆகிய பாடல்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது என் கண்ணில் பட்டது இது. போரில் பட்ட மறவரின் பெயரையும் பெருமையையும் எழுதி, மயிற்பீலி சூட்டி, வழிதோறும் நிறுத்திய நடுகற்களை இருவேறு புலவர்கள் ஏறக்குறைய ஒரே சொற்களால் பாடுகிறார்கள். கைலாசபதியின் அளவுகோலில் இது அசல் வாய்மொழித் தொடர். ஆனால் அத்தொடர் பேசுவதோ எழுத்தைப் பற்றி. வாய்மொழிக்கு அடையாளம் என்று காட்டப்படும் தொடரே, மறவர் நடமாடிய காட்டுவழியில் எழுத்து இருந்தது என்று சொல்கிறது.

இது கவிஞரின் கற்பனையாகாதா என்று கேட்கலாம். 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த தமிழ்பிராமி நடுகற்கள் அதற்கு விடை. அவற்றில் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். ஆகோள் என்பது தொல்காப்பியம் வெட்சித் திணையில் ஆளும் சொல். மாங்குளம் முதலிய குகைக் கல்வெட்டுகள் சமணரும் வணிகரும் எழுத்தறிந்ததைக் காட்டின. இந்தக் கல்லோ ஆநிரை கவர்ந்த ஊர்ப்பூசலுக்குள்ளேயே எழுத்து நுழைந்துவிட்டதைக் காட்டுகிறது. எழுத்தறியா வீரயுகம் என்ற கிரேக்க அச்சு வைகைக் கரைக்குப் பொருந்தவில்லை.

இதன் வரம்பையும் சொல்லியாக வேண்டும். கல்லைக் கண்டெடுத்தோர் அதன் காலம் கி.மு. நான்கு, மூன்றாம் நூற்றாண்டு என்கின்றனர். பின்னுக்குத் தள்ளுவோரும் உண்டு. எழுத்தமைதி ஒன்றை மட்டும் நம்பும் கணிப்பு என்பதால் வழக்கு முடியவில்லை. அகப்பாடல்களின் காலமும் அப்படியே. மேலும், கல்லில் பெயர் பொறித்தவர்கள் பாட்டையும் எழுதியே இயற்றினார்கள் என்று ஆகிவிடாது. வாய்மொழிக் கொள்கை வீழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஹோமரைக் காட்டி அதை நிறுவ முடியாது என்கிறேன். கேள்வியை ஒப்பீடு எழுப்பியது. விடைக்கான சான்று தமிழ்ப் பாட்டிலும் தமிழ்க் கல்லிலும் கிடைத்தது.

அப்படியானால் தனிமொழி ஆய்வே போதுமா? போதாது என்பதற்கு விருதுநகர் மாவட்டத் திருச்சுழியில் பிறந்த ஒருவரின் நூலே சான்று. அங்கே 1879இல் பிறந்த ரமண மகரிஷி முப்பது பாக்கள் கொண்ட ‘உபதேச உந்தியார்’ நூலை முதலில் தமிழில் இயற்றி, பிறகு தெலுங்கு, வடமொழி, மலையாளம் ஆகியவற்றிலும் தாமே ஆக்கினார். உந்தியார் என்ற தமிழ் விளையாட்டுப் பாட்டு வடிவம் வடமொழிக்குள் போகும்போது எதைக் கைவிடுகிறது, எதைப் பெறுகிறது என்பதைத் தமிழ்ப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரும் எழுத முடியாது. இங்கே ஒப்பீடு ஆய்வாளர் விரும்பி மேற்கொள்வது அன்று, நூலே கேட்பது.

எனவே பாதையைத் தேர்வது ஆய்வாளரின் விருப்பமோ துறையின் மதிப்போ அன்று. சான்று கிடக்கும் இடமே. அதே விருதுநகர் மாவட்டத்தின் குமாரலிங்கபுரம் போன்ற வானம் பார்த்த ஊர்களிலிருந்து முதல் தலைமுறையாக முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்த ஹோமரோடு கம்பரை ஒப்பிட்டால்தான் ஆய்வு உயர்ந்தது என்ற எண்ணம் வேண்டாம். இந்த வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகப் புழங்கும் குடும்பங்கள் பல. அந்த மாணவர்களுக்கு இரண்டாம் மொழி காதில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தைக் கற்றுக்கொண்டால் போதும். இரண்டாம் மொழியை மூலத்தில் படிக்க இயலாதவர் ஒப்பாய்வுக்குப் பதிவு செய்யலாகாது. இயன்றவரைத் தமிழ்த் துறைகள் தடுக்கலாகாது.