கோண்டுவானா: காஞ்சிக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு பெயர்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் காஞ்சிப் பக்கத்து முசரவாக்கத்துக்காரர்களுக்கு இராமானுசர் அவதரித்த தலம் நினைவுக்கு வரும். வேன் அனுப்பி ஆள் ஏற்றிக்கொள்ளும் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வரும். புவியியலாருக்கோ அது ஒரு பாறையடுக்கின் பெயர். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் இந்தப் பக்கத்துப் பாறைகளையும் ஆராய்ந்து 1870களில் எழுதினார். பழைய ஆங்கில ஏடுகளில் ஊர்ப்பெயர் ‘ஸ்ரீபெர்மாத்தூர்’ என்று சிதைந்து கிடக்கிறது. இங்குள்ள வெளிறிய களிப்பாறையைத் தகடு தகடாகப் பிளந்தால் சீப்புப் பல்போல ஒழுங்காக அடுக்கிய இலையின் அச்சு தெரியும்: டைலோஃபில்லம். அதே அடுக்குகளில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் உண்டு. கடல் வந்து வந்து போன கரை இது.

இந்த அடுக்கு ‘மேல் கோண்டுவானா’வைச் சேர்ந்தது என்கிறது புவியியல். இங்கேதான் பெயரின் கதை தொடங்குகிறது.

கோண்டுவானா, நருமதைக்குத் தெற்கே கோண்டு மக்கள் வாழும் காட்டுநாட்டின் பழைய பெயர். அவர்களுடைய கோண்டி மொழி நம் தமிழின் உறவு. தங்களை அவர்கள் கோய்த்தூர் என்றே சொல்லிக்கொள்வார்கள். ‘கோண்டு’ பிறர் வைத்தது. மலையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லான ‘கொண்ட’விலிருந்து அது வந்தது என்பாருண்டு. அப்படியானால் நம் ‘குன்று’ம் அதன் உடன்பிறப்பு. எனக்கு இந்தக் கருத்தில்தான் மனம் போகிறது.

1872இல் மெட்லிகாட் என்ற புவியியலார் மத்திய இந்தியப் பாறைத்தொகுதிக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். இன்னொரு புவியியலாரான ஃபைஸ்ட்மாண்டல் 1876இல் அதை அச்சேற்றினார். தொகுதிக்குள் இருந்த அடுக்குகளுக்கும் ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர்தான். அடியில் ‘தால்சீர்’: பனியாறு இழுத்துவந்து போட்ட உருண்டைக் கற்கள் நிறைந்தது, ஒடிசாவின் ஓர் ஊர்ப்பெயர். அதன்மேல் ‘பராக்கர்’, ஓர் ஆறு. அதற்கும் மேலே ‘ராணிகஞ்ச்’. 1774இலேயே நிலக்கரி வெட்டத் தொடங்கிய வங்காளத்து ஊர் அது. சுரங்கத்தில் இறங்கும் ஆள் எந்தக் கரியை வெட்டுகிறோம் என்று சொன்னால், எந்த ஊரில் அல்லது ஆற்றங்கரையில் அது முதலில் அடையாளம் காணப்பட்டது என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.

ஆஸ்திரியப் புவியியலார் எடுவார்ட் சூஸ் 1885இல் இந்தப் பெயரைக் கண்டத்தின் அளவுக்கு உயர்த்தினார். குளோசாப்டெரிஸ் என்ற நாக்கு வடிவ இலை இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒன்றாகவே கிடைத்ததால், இவை ஒருகாலத்தில் ஒட்டிய நிலம் என்று கருதி ‘கோண்டுவானா நிலம்’ என்றார். 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த ஸ்காட் குழுவினர் கடைசிவரை கைவிடாமல் சுமந்துவந்த சுமார் 16 கிலோ பாறைகளில் அதே இலை இருந்தது. மத்திய இந்தியக் காட்டின் பெயர் அண்டார்க்டிகாவுக்கும் போய்விட்டது.

இந்தியாவின் நிலக்கரி இருப்பில் ஏறக்குறைய முழுவதும் இந்தத் தொகுதியில்தான். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் கரி இல்லை. கரி கீழ் கோண்டுவானாவுக்கு உரியது: 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக்காடுகள் மண்மூடிப் புதைந்த காலம். நம் பாறை அதற்குப் பிந்தையது. 12, 13 கோடி ஆண்டு வயதுதான். பெயர் ஒன்று, செல்வம் வேறு. 1961இல் நெய்வேலிச் சுரங்கத்தில் வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரி இதைவிடவும் இளையது. கோண்டுவானாவோடு அதற்கு உறவே கிடையாது. மரம் என்று பொருள்படும் இலத்தீன் ‘லிக்னம்’ என்பதிலிருந்து வந்த லிக்னைட் என்ற பெயர் அதற்குத் தகும். சில துண்டுகளில் மரத்தின் நார் கண்ணுக்கே தெரியும்.

2011 கணக்கெடுப்பில் கோண்டியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 29 லட்சத்துக்கும் மேல். உலக வரைபடத்தில் கோண்டுவானாவுக்கு வண்ணம் தீட்டும் பிள்ளைக்கு, அது நம் மொழிக்கு உறவான மொழியைப் பேசும் மக்களின் நாட்டுப் பெயர் என்று ஆசிரியர் சொல்லித் தரவேண்டும். அதன் ஒரு துண்டு ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது என்று சொல்லி, பேருந்தில் கூட்டிப்போய்க் காட்டவும் வேண்டும்.