வெண்வயிற்று நீல ராபின்: வகைப்பாட்டு வரலாறு

வெண்வயிற்று நீல ராபின் (ஷோலிகோலா ஆல்பிவென்ட்ரிஸ்) என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடைப்பட்ட மலைகளில் மட்டும் காணப்படும் சிறு பறவையாகும். மேலுடலும் மார்பும் கருநீலம், வயிறு வெண்மை. சுமார் 1,000 மீட்டருக்கு மேலுள்ள சோலைக்காடுகளில் தரையை ஒட்டி இரை தேடும். மதுரை நகரம் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. பழனி மலை அருகிலிருந்தும் இப்பறவை சமவெளிக்கு இறங்குவதில்லை.

இதனை முதலில் சேகரித்தவர் அகமதுநகர்ப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மதப்பணியாளர் சாமுவேல் ஃபேர்பேங்க். சேகரித்த இடம் பழனி மலை. அம்மலை அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது; 1985இல்தான் திண்டுக்கல் தனி மாவட்டமானது. அவர் தந்த பறவையை நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1868இல் 'காலீன்' என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார்.

நீலகிரியில் வாழும் இதன் உறவுப் பறவையை ஜெர்டன் 1844லேயே வேறொரு பேரினத்தில் விவரித்திருந்தார். பின்னர் இரண்டும் ஒரே இனத்தின் துணையினங்களாக்கப்பட்டு, இமயமலைப் பறவைகள் உள்ள 'பிராக்கிடெரிக்ஸ்' பேரினத்தில் சேர்க்கப்பட்டன. சாலிம் அலியின் நூல்களைப் படித்தவர்கள் இப்பெயரையே அறிந்திருப்பர். 2005இல் ராஸ்முசென், ஆண்டர்டன் இருவரும் அவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரித்து 'மயோமெலா' பேரினத்துக்கு மாற்றினர். இத்தனை மாற்றங்களுக்கும் முன்னோரைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கையில் இருந்தவை பதப்படுத்திய தோல்கள்; நிறம், அலகு, கால் நீளம் ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இருண்ட காட்டுத்தரையில் ஒரேவிதமாக வாழும் பறவைகள், உறவில்லாவிட்டாலும் தோற்றத்தில் ஒத்திருப்பதுண்டு.

2017இல் வி. வி. ராபின், சுஷ்மா ரெட்டி, உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் மரபணு ஆய்வை வெளியிட்டனர். (ஆய்வாளர் பெயரும் பறவையின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயலே.) இவற்றின் நெருங்கிய உறவினர் நீல ஈப்பிடிப்பான்கள் என்பதும், மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்பறவைகள் தனிக்கிளை என்பதும் அதில் தெரியவந்தன. புதிய பேரினத்துக்கு 'ஷோலிகோலா' எனப் பெயரிட்டனர். சோலையில் வாழ்வது என்பது பொருள். 'சோலை' என்ற தமிழ்ச்சொல் இவ்வாறு அறிவியல் பெயருக்குள் நுழைந்தது.

இப்பறவைகளைப் பிரித்தவை தாழ்நிலங்களே. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே பழனி மலை இனம், செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அசம்பு மலையில் அதே ஆய்வில் புதிதாகப் பெயரிடப்பட்ட மூன்றாவது இனம். உயரமான காட்டை விட்டு இறங்காத பறவைக்குக் கணவாய் கடல் போன்றது.

பெயர் மாற்றம் ஏட்டோடு நிற்பதன்று. ஒரே இனமாக எண்ணியபோது, ஒரு மலையில் அழிந்தாலும் மற்றொன்றில் அது மிஞ்சும் எனக் கருத இடமிருந்தது. மூன்று இனங்கள் எனும்போது ஒவ்வொன்றின் வாழிடமும் சிறியது. பழனி மலையிலோ வாட்டில், பைன், தைல மரத் தோப்புகள் பெரும்பரப்பில் பரவியுள்ளன. சோலைகள் மலைமடிப்புகளில் துண்டுதுண்டாகவே எஞ்சியுள்ளன.